பரங்கிக் கொடி கேட்கும் கேள்வி

பரங்கிக்காயை அயல்நாட்டுப் பொருள் என்று நம் வீடுகளில் எவரும் எண்ணுவதில்லை. பொங்கல் நாளில் பல காய்களைச் சேர்த்து வைக்கும் குழம்பில் அதற்கென ஓர் இடம் உண்டு. மார்கழிக் காலையில் வாசற் கோலங்களின் நடுவே அதன் மஞ்சள் மலர் வீற்றிருக்கும். ஆயினும், அதன் பெயரிலேயே ஓர் அந்நிய வாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரங்கி என்பது கடல் கடந்து வந்த ஐரோப்பியரைக் குறித்த சொல். மெக்சிகோவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் பயிரிட்ட கொடியினம் இது. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே அது கப்பலேறி நம் பக்கம் வந்தது. அப்படியானால், வெளியிலிருந்து வந்த ஒன்று எப்போது, எதனால் நம்முடையதாகிறது?

இதற்கு விடை காண ஒரு கொடியை வளர்த்துப் பார்த்தாலே போதும். உள்ளங்கையில் அடங்கும் சிறு பரங்கி வகைகள் உண்டு. அவை மாடித் தொட்டியிலும் வளரும். விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி நீர் தெளித்து வந்தால், ஒரு வாரம் பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு இரு தடித்த இலைகள் தலைகாட்டும். கொடி ஓடத் தொடங்கியதும் முதலில் ஆண் மலர்களே பூக்கும். பூத்தும் காய்க்கவில்லையே என்று நாம் சலித்துக்கொள்வோம். பிறகுதான், அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண் மலர் வரும். அது விடியலில் விரிந்து நண்பகலுக்குள் குவிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிடில் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். தேனீ எட்டாத மாடியில் ஆண் மலரைப் பறித்து நாமே பெண் மலரில் தொட்டுவைக்கிறோம். விதை எங்கிருந்து வந்ததாயினும், அது காய்ப்பதற்கு இங்குள்ளவரின் துணை வேண்டியிருக்கிறது.

மூன்று மாதமளவில் காம்பு காய்ந்து கட்டைபோல் இறுகும். தோலில் நகம் பதியாது. அப்போது இரு விரற்கடைக் காம்பை விட்டு அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் அவ்வழியே அழுகல் நுழையும். மேற்பகுதியை மூடிபோல் வெட்டி, உள்ளே தேங்காய்த் துருவலும் வெல்லமும் சிறிது ஏலமும் இட்டு ஆவியில் வேகவைத்தால், பாத்திரமும் பண்டமுமாக அக்காயே அமைந்துவிடும். வழித்தெடுத்த விதைகளையோ நம் பாட்டிமார் எறிந்ததில்லை. கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிசறி, அடுத்த பருவத்திற்கென எடுத்துவைத்தார்கள். ஏற்றுக்கொண்ட மண்ணும், தலைமுறை தலைமுறையாகப் பேணிய அந்தக் கைகளுமே பரங்கியை நம் காயாக்கின.

இதே சொல் நம் விசுவாச வரலாற்றிலும் முள்ளாய்த் தைத்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி அடிகளார், கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மக்கள் எண்ணுவதைக் கண்டார். தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். காவி உடுத்தார், புலால் நீத்தார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். நிலத்தில் விழுந்து மடியும் விதையைப் பற்றி ஆண்டவர் கூறியதைத் தம் வாழ்வில் எழுதிப் பார்த்தவர் அவர். இன்றும் நம் சமயத்தை எவரேனும் அந்நியச் சமயம் என்றால் நெஞ்சு நோகிறது. பரங்கிக் கொடியைக் காட்டி நாம் விடை சொல்லலாம்.

ஆனால் அந்த விடை நம்மை நோக்கியும் திரும்பும். நொபிலி அடிகளார் அன்றைய குலப் பாகுபாட்டைக் களையாமல் அதற்குள்ளேயே வேர்விட்டார் என்பதும் வரலாறே. அப்பாகுபாடு இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஒரே திருப்பந்தியில் பங்குகொண்டவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் பிரித்துவைத்திருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. வேலை தேடி வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஞாயிறு திருப்பலியில் கடைசியில் நின்று, திருப்பலி முடிந்ததும் தனியே செல்கிறார்; அவர் பெயரைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? எங்களை அயலார் என்னாதீர்கள் என்று உலகிடம் வேண்டும் நாம், எவரையும் அயலாராக்காமல் இருக்கிறோமா?

இறைவாக்கினர் யோனா, தமக்கு நிழல் தந்த செடி வாடியபோது சாகுமளவுக்கு வருந்தினார். அயல்நகராகிய நினிவே அழியாமல் பிழைத்ததற்கோ சினம் கொண்டார். அச்செடியை அவர் வளர்க்கவில்லை என்பதை இறைவன் நினைவூட்ட வேண்டியிருந்தது. நாம் நட்டு நீர் ஊற்றிய கொடியிலும் விதையும் மழையும் நாம் உண்டாக்கியவை அல்ல. யாவும் கொடையாய்ப் பெற்றவையே. பெற்றவர்க்கு, பிறரை வாசலில் நிறுத்தி ஊரும் குலமும் கேட்கும் உரிமை ஏது?

பரங்கிக் கொடி மதிலேறி அண்டை வீட்டுப் பக்கம் காய்த்தால், அந்தக் காய் அவர்களுக்கே என்று விட்டுவிடுவது நம்மில் பலர் வீட்டு வழக்கம். அந்தப் பெருந்தன்மை நம் ஆலயங்களின் கடைசி வரிசை வரையிலும், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரையிலும் சென்று சேருமாக.