சந்தனத் தைலமும் மனவமைதியும்

ஊத்துக்குளி என்றவுடன் கொங்கு நாட்டார்க்கு நினைவில் எழுவது அவ்வூர் வெண்ணெயே. பாலினுள் நெய் மறைந்து நிற்றலையும், உறையிட்டுக் கடைந்து உருக்கியபின் அது வெளிப்படுதலையும் அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். இறைவன் உயிரினுள் மறைந்து நிற்றற்கு நம் சித்தாந்த ஆசிரியர்கள் இதனை உவமையாக எடுத்தாள்வர். அவ்வூரின்கண் உள்ள கதித்தமலை வேலாயுதப் பெருமான் திருமுன் நின்று, சந்தனத்தின் நறுமணத்தை நுகருங்கால், இதனையொத்த பிறிதோர் உவமையும் நமக்குத் தோன்றுகின்றது.

சந்தன மரத்தின் பட்டையிலும் வெளிறிலும் மணமில்லை. பல்லாண்டுகள் கழிந்து முதிர்ந்த வயிரத்திலும் வேரிலுமே தைலம் உண்டு. மரத்தை வேரோடு அகழ்ந்து, தூளாக்கி, நீராவி செலுத்தி அதனை வடிப்பர். மைசூர் அரசினர் 1916-ஆம் ஆண்டளவில் இத்தொழிலைப் பெரிய அளவிற் தொடங்கினர். அமைதிக்கும் தூய்மைக்கும் அடையாளமாக உலகோர் இத்தைலத்தைப் போற்றுவர்.

பின்னலாடைச் சாலையில் நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த ஒருவர், இத்தைலத்தில் ஒரு துளியை முகர்ந்து, "மனம் அடங்கிற்று, இறையின்பம் என்பது இதுவே" என்பாராயின், அது பொருந்துமா?

மனம் அடங்குதல் மெய்யே. மணத்தை அறிவிக்கும் நரம்புகள், மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையன என்பர் உடல்நூலார். அதனாலன்றோ ஒரு மணம் இளமையிற் கண்ட திருவிழாவையும், உடன் நின்ற தாயையும் நொடியில் நம்முன் நிறுத்துகின்றது! ஆயினும், கந்தம் தன்மாத்திரை ஐந்தனுள் ஒன்று. 36 தத்துவங்களுள் இறுதியில் நிற்கும் நிலத்திற்குச் சிறப்பாக உரியது. தத்துவங்கள் சடம். சடத்தை மட்டும் பற்றி வந்த அமைதி, அது நீங்கத் தானும் நீங்கும். அதனை இறையின்பம் என்றல் அமையாது.

அற்றேல், திருக்கோயிலிற் சந்தனம் சாத்துதல் எற்றுக்கு எனின், கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. புலன்வழி ஓடும் அதனை அப்புலன் வழியாகவே இறைவன்பால் திருப்புதற்குச் சந்தனம் கருவியாகின்றது. தனக்கென முகர்வார்க்கு "எனது" என்னும் பற்று வளரும். இறைவற்குச் சாத்தி, அவன் பிரசாதமாக ஏற்பார்க்கு அப்பற்றுத் தேயும். பொருள் ஒன்றே, கொள்ளும் நெஞ்சமே வேறு. ஆகலின் கருவியை இகழ்தலும் தவறு; கருவியையே பயனெனக் கொள்ளுதலும் தவறு.

மற்றுமொன்று. தைலத்தின் அருகே நெடும்பொழுது இருப்பார்க்கு அதன் மணம் புலனாவதில்லை. புதிதாக உள்ளே வருவோர் அதனை நன்கு உணர்வர். மணம் அகன்றிலது, மூக்கே சோர்ந்தது. இறைவன் உயிரோடு என்றும் உடனாய் நிற்பவும், ஆணவ மறைப்பால் உயிர் அவனை அறியாதிருத்தலும் இத்தன்மைத்து. மூக்கின் சோர்வு இடையே வந்தது, ஆணவமோ அநாதி. ஆதலின் இவ்வுவமை ஒருபுடை ஒப்பேயாம்.

ஆகவே, அன்பர்காள், மணம் குன்றியதென்று தோன்றும்போது மற்றொரு குப்பியைத் தேடி விரையற்க. குன்றியது எதுவென்று சிறிது நின்று எண்ணுக. தைலம் தீர்ந்தபின்னும் வீட்டாரிடத்தும், உடனுழைப்பாரிடத்தும் நம் சொல்லில் இனிமை நிற்குமாயின், அச்சந்தனம் தன் பணியைச் செய்து முடித்ததென நாம் துணியலாம்.