பாதியில் நின்ற படிப்பு

செவிலியர் கல்லூரியில் சேர்ந்த மகள் இரண்டாம் ஆண்டில் பெட்டியோடு வீடு திரும்பினால், "அவளுக்கு அந்த அழைத்தல் இல்லை" என்று ஊரார் சொல்லிவிடுகின்றனர். செவிலியர் பணியை இறையழைத்தலாகவே காணப் பழகிய நம்மிடையே இச்சொல் எளிதில் பிறக்கிறது. அது உண்மையைத்தான் உரைக்கின்றதா, அல்லது நம் பொறுப்பை மறைக்கின்றதா என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

தமிழ்நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். தமிழ்வழியில் பயின்ற மாணவி முதலாண்டிலேயே உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஆங்கிலத்தில் கற்றாக வேண்டும். பொருள் விளங்கியும் விடைத்தாளில் எழுத மொழி வராத அவளை 'மந்தம்' என்கிறோம். வார்டிலோ, காலையில் தான் முகம் துடைத்துவிட்ட முதியவரின் உடலை மாலையில் துணியால் மூட நேரலாம். அன்றிரவு விடுதியில் அவளோடு அமர்ந்து பேச ஒருவர் இருந்தாரா? அல்லது படுக்கை விரிப்பின் மடிப்புச் சரியில்லை என்று நோயாளிகள் முன் கேட்ட ஏச்சுதான் மிச்சமா? மதிப்பெண்ணைவிட இதுவே சில வேளைகளில் அவள் நிற்பதையும் போவதையும் தீர்மானிக்கிறது என்பது நம் துணிபு.

கல்லூரியின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் மாணவர் எவ்வளவு ஒன்றிப்போகின்றனர் என்பதே அவர் தொடர்வதை முடிவு செய்கிறது என்று அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதினார். செவிலிய மாணவரை ஆராய்ந்த மரியான் ஜெஃப்ரிஸ் என்பாரோ பணமுடை, குடும்பச் சுமை, வேலை நேரம் ஆகியவற்றைக் கல்வித் திறனுக்கு நிகராகவே வைத்து நோக்குகிறார்.

மனம் ஒப்பாமல் வந்தவரும் உண்டு, மறுப்பதற்கில்லை. வெளிநாட்டு வேலையைக் கனவு கண்ட பெற்றோர் நகையை அடகு வைத்துச் சேர்த்த பெண், விருப்பமின்றி நான்கு ஆண்டுகளைத் தள்ளுவது அவளுக்கும் தீங்கு, நாளை அவள் கையில் ஒப்படைக்கப்படும் நோயாளிக்கும் தீங்கு. அத்தகையவள் விலகுவது தோல்வியன்று. விலகுவோரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-இல் அறிவித்தது.

ஆனால் விரும்பியும் நிற்க முடியாதவளின் கணக்கு வேறு. பங்கிலும் சங்கங்களிலும் தரப்படும் உதவித்தொகை பெரும்பாலும் சேர்க்கை நாளோடு முடிந்துவிடுகிறது. புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். மூன்றாம் ஆண்டில் தந்தை படுத்த படுக்கையாகித் தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி நிற்கையில், யாரிடம் சென்று கேட்பது என்பது அவளுக்குத் தெரிவதில்லை. அவ்வாண்டு அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நம்மில் எவரும் கேட்டிருப்பதும் இல்லை.