எமன் வேடமும் இம்சையும்

சென்ற ஆண்டு ஓர் இரவு திருமானூரில், கொள்ளிடக் கரையை அடுத்த தெருவொன்றில் 'சத்தியவான் சாவித்திரி' நாடகம் கண்டோம். எமனாக வந்தவர் முதியவர். குரல் மட்டும் மூப்படையவில்லை. அவர் முழங்கியதும் முன்வரிசையில் இருந்த குழந்தையொன்று வீறிட்டலறியது. தாய் அதனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். கூட்டம் சிரித்தது. நமக்கோ சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு வந்தது.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சுவாமிகள் (1867–1922) தொடக்கத்தில் நடிகராகவும் விளங்கியவர். அச்சமூட்டும் வேடங்களில் அவருக்கு இணையில்லை என்பர். சனீசுவரன் வேடத்தைக் கலைக்காமல் விடியற்பொழுதில் வெளியே சென்ற அவரைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்துறந்தாள் என்றும், எமனாக அவர் ஆர்ப்பரிக்கக் கேட்டுக் கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும் நாடக உலகினர் சொல்லி வருகின்றனர். அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டொழித்தார்.

இஃது இம்சையாகுமா? உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், அசாக்கிரதையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுத்தார். பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் சிற்றுயிர் ஒன்று மடிந்தாலும் அவருக்குப் பந்தமில்லை என்பது நம் ஆசாரியர்களின் முடிபு. அவ்வாறாயின் சுவாமிகள் குற்றமற்றவரே எனச் சொல்லி அமையலாம். நாம் அவ்வளவு எளிதாக அமைவதற்கில்லை. நேர்ந்தவை இரண்டு. முதலாவது நேர்ந்தபோது அவர் அறியாதவர். இரண்டாவது நேர்ந்தபோது, தம் வேடத்தின் வன்மையை அறிந்தவர். முன்னர் அறியாமையாக இருந்தது பின்னர் அசாக்கிரதை ஆகிவிடுகிறது. அதனை அவரே உணர்ந்தார் என்று கருதுகிறோம். பிறர் எவரும் அவர்மேல் பழி சுமத்தியதாகக் கேள்வியில்லை. தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டார். நம்மில் நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்வோருக்கு இவ்விசாரணையின் அருமை விளங்கும்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும். சுவாமிகள் நடிப்பை விட்டார், நாடகத்தை விடவில்லை. 1918இல் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவ்வை தி. க. சண்முகம் உள்ளிட்ட சிறுவர்களைப் பயிற்றினார். பல நாடகங்களை எழுதினார். அவற்றுள் 'சத்தியவான் சாவித்திரி'யும் ஒன்று. அதில் எமனும் உண்டு! தாம் துறந்த முழக்கத்தைப் பிறர் வாயில் வைத்தாரே என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. அச்சத்தைக் கட்டுக்குள் வைத்து ஆடக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை, அதனை அவர் தம் துயரத்தினின்றும் கற்றிருப்பார் என்பதே நாம் காணும் சமாதானம். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் அவர் நா முடங்கியதை வினைப்பயன் எனக் கூறுவாருமுளர். பிறர் நோயில் தீர்ப்பு எழுதும் அத்துணிவு நமக்கில்லை.

திருமானூர் நாடகம் முடிய விடியலாயிற்று. எமன் வேடதாரி கொட்டகைக்குள்ளேயே அரிதாரத்தைக் கழுவி, வேட்டி உடுத்தி, தோளில் துண்டுடன் வெளியே வந்தார். குழந்தை எங்கே என்று முதலில் கேட்டார்.