காப்பாற்ற வரும் படை

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை கம்போடியாவின் புனோம் பென் நகரைப் பிடித்தது. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. பிண வாடையைப் பின்தொடர்ந்து போனவர்கள் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அடைந்தார்கள். வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள். அவற்றின்மேல் கொல்லப்பட்ட கைதிகள். துவோல் ஸ்லெங் சிறை அப்படித்தான் வெளியே தெரிந்தது. கெமர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் கொலையாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர்.

வியட்நாம் இரக்கப்பட்டுப் போகவில்லை. தன் எல்லைக் கிராமங்கள் தாக்கப்பட்டதே காரணம். போன படை பத்தாண்டு அங்கேயே தங்கியது. ஆக்கிரமிப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் திரும்பி வராமல் தடுத்ததும் அதுவே. ஐ.நா. பொதுச்சபையோ அதே ஆண்டு செப்டம்பரில் கம்போடியாவின் இருக்கையை விரட்டப்பட்டவர்களுக்கே கொடுத்தது: ஆதரவு 71, எதிர்ப்பு 35. செத்தவர்களுக்கு அந்த இருக்கை குறிக்கும் இறையாண்மையில் என்ன பங்கு?

அதற்காக, எல்லை தாண்டுவதை எதிர்ப்பவர்களின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் உக்ரைனுக்குள் படை அனுப்பிய புதினும் டான்பாஸில் இனப்படுகொலை நடப்பதாகத்தான் சொன்னார். அப்படியானால் பாதுகாப்பு சபையின் அனுமதி போதுமா? லிபியாவுக்கு அது இருந்தது. பொதுமக்களைக் காக்க 2011 மார்ச்சில் கிடைத்த அனுமதி ஆட்சியாளர் கடாஃபியின் சாவில் போய் முடிந்தது. குண்டு வீசிவந்த நேட்டோ சில நாளில் கிளம்பிவிட, நாடு ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கியது. ஒதுங்கி நிற்பதும் தீர்வல்ல. ருவாண்டாவில் இனப்படுகொலை உச்சத்தில் இருந்தபோது அதே சபை அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது.

நோக்கம் தூயதா என்று துருவுவதில் பயன் குறைவு. எந்த அரசின் நோக்கம் தூயது? ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்பது மேல்.

1999-இல் கொசோவோ அல்பேனியரைக் காக்க நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. விமானிகளின் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே பறந்தார்கள். எதிரி சுட்டு ஒரு நேட்டோ வீரர்கூடச் சாகவில்லை. ஏப்ரல் 14 அன்று ஜாகோவிட்சா அருகே சென்ற வண்டிகளை ராணுவ அணி என்று எண்ணிக் குண்டு போட்டார்கள். டிராக்டர்களில் போனவர்கள் அல்பேனிய அகதிகள். தாழப் பறந்திருந்தால் டிராக்டர் கண்ணில் பட்டிருக்கலாம். விமானிகள் சிலர் செத்திருக்கவும் கூடும். அந்த விலையைச் சொந்த மக்களிடம் கேட்க எந்த அரசுக்கும் துணிவில்லை. போரிடத் தரைப்படை அனுப்பும் எண்ணமில்லை என்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் முதல் நாளே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். அமெரிக்க வாக்காளர்களுக்குச் சொன்ன அந்த ஆறுதல் யுகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சின் காதிலும் விழுந்தது.