வரவுக்குக் கொடுக்கும் காசு

இலங்கையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், அதற்கு மேல் 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பாக அரசே கொடுக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. வேண்டிய பணம்தான், அதில் ஒரு சதத்தைக்கூடக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்த 200 ரூபாவைச் சம்பளத்தோடு சேர்க்காமல் தனியே வைத்ததற்குப் பின்னால், இந்தச் சனம் தானாக வேலைக்கு வராது, எதையாவது காட்டித்தான் வரவழைக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் ஒன்று இருக்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கான 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா என்று சொல்லப்பட்ட நாட்சம்பளத்தில் அடிப்படை 500 ரூபாதான். மீதி, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைக்கு 30 என்று பிரிந்து கிடந்தது. காய்ச்சலில் நாட்கணக்காகப் படுத்தவருக்கு வரவுக்காசு போயிற்று. வெயில் காய்ந்து கொழுந்து குறைந்த மாதத்தில் உற்பத்திக்காசு போயிற்று. 2019இல் இவ்விரண்டும் நீக்கப்பட்டு அடிப்படை 700 ஆனது. ஏழே ஆண்டில் வரவுக்காசு திரும்பி வந்திருக்கிறது.

காசு காட்டி வேலை வாங்குவது மனத்தை என்ன செய்யும் என்று பார்க்க, 1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர், பல்கலைக்கழக மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தீர்த்த புதிருக்கு ஒரு டொலர் வீதம் கொடுத்துப் பார்த்தார். காசு நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தக் கட்டைகளைத் தொடுவது முன்னைவிடக் குறைந்தது. விருப்பத்தோடு செய்ததைக் காசு கூலிவேலையாக்கிவிட்டது என்று இதற்குப் பொருள் சொன்னார்கள். இதை அப்படியே தேயிலை மலைக்குக் கொண்டுவருவது அநியாயம். அட்டைக்கடியிலும் அடைமழையிலும் சரிவில் நின்று கொழுந்தெடுப்பதை யாரும் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பில் அடுப்பெரிய வழியில்லாதவரிடம் மனத்திருப்தியைப் பற்றிப் பேசுவது கொடுமை. முதலில் சம்பளம், அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

ஆனால் சம்பளத்தோடு பேச்சு முடிந்துவிடுவதும் இல்லை. ஹந்தானை மலைப்பக்கம் பழகிய கையொன்று கொழுந்தெடுப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் செடியின் வாதின் மேல் வைத்து, அதற்கு மேலே எழும்பிய இரண்டு இலையும் மொட்டும் மட்டும் விரல் நுனியில் ஒடிகின்றன. முற்றியது நின்றுவிடுகிறது, இளசு அடுத்த வாரத்துக்கு விடப்படுகிறது. கண் பார்ப்பதற்கு முன்பே விரல் தீர்மானித்துவிடுகிறது. நல்ல தேயிலை அந்தத் தீர்மானத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் நிறுவையில் அதற்கு இடமில்லை. முற்றல் இலைக்கும் பாரம் உண்டு. கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர், கூடினால் கூடுதல் காசு என்றிருக்கும் இடத்தில், அந்தக் கை தான் அறிந்ததை ஒதுக்கிவிட்டுத் தராசுக்கு ஏற்றபடி எடுக்கப் பழகுகிறது. அதன் பிறகு கொழுந்தின் தரம் கெட்டுவிட்டது என்று அந்தப் பெண்ணையே ஏசுகிறோம்.

டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னாளில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். தன் வேலையில் தனக்கொரு சொல், தன் திறமைக்கு ஒரு மதிப்பு, கூட இருப்பவர்களோடு ஓர் ஒட்டுதல் என்ற இந்த மூன்றும் மனிதருக்கு வேண்டும். ஆளை அடக்கி வைப்பதற்காகத் தரப்படும் வெகுமதி இவற்றை அரித்துவிடும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட நாளிலிருந்து, மலையில் முதல் இரண்டுக்கும் பெரிதாக இடமிருந்ததில்லை. எந்த மலை, எந்த நிரை, எத்தனை கிலோ என்பதெல்லாம் வேறொருவர் முடிவு. நிறுக்கும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது என்பதும் அப்படியே.

இதே நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே கங்காணியும் இல்லை, வரவுக்காசும் இல்லை. தன் நிலத்தில் எப்போது கவ்வாத்து வெட்டுவது, எப்போது உரம் போடுவது என்பதை உரியவரே முடிவு செய்கிறார். சில தோட்டக் கம்பனிகளும் தொழிலாளருக்குத் தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கச் சொல்லிப் பார்க்கின்றன. நிலத்தின் உரித்தைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்ற சந்தேகம் நமக்கு உண்டு. ஆனாலும் தராசைத் தாண்டி யோசிக்கத் தொடங்கியிருப்பது நல்லதே.

தோட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு நிற்கவில்லை. அதே லயங்களிலிருந்து பிள்ளைகள் விடிய முன் எழும்பி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கண்டி நகரத்துக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் போக மிஞ்சுவது மலைச் சம்பளத்தைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். இருந்தும் ஒரு நாள் தவறாமல் போகிறார்கள். மலைக்கு ஏன் வருவதில்லை என்று அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு அந்த 200 ரூபாவை எங்கே சேர்ப்பதென்று தீர்மானித்திருக்கலாம்.