வாசிப்பவள் பங்கு

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் நூலகத்துக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வருவேன். திண்ணையில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். சுற்றிய பீடிகளின் முனையை மடித்து, எண்ணிக் கட்டுப்போடுவது என் வேலை. நான் வருவதற்குள் அதில் பாதியை அம்மாவே முடித்திருப்பாள். அப்பா கேட்டால், "இவ்வளவு நேரம் இங்கனதான இருந்தா" என்பாள். என்ன புத்தகம் வாசித்தாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இது 1980களின் கடைசியில், கடையநல்லூரில். அதன்பின் நான் படித்து, ஆசிரியையாகி, மேடைகளில் பேசத் தொடங்கியபோது இந்தக் கதையை "புத்தகங்கள்தான் என்னை வளர்த்தன" என்று முடிப்பேன். நன்றாகவே கை தட்டுவார்கள். தென்காசியில் ஒரு கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்தில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், இடைகால் தாண்டியதும் கேட்டாள்: "புத்தகம் வளத்துச்சாம்லா. அப்பம் நான் யாருளா?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டாள்: "அத்தன வாசிச்சியே, ஒரு கதையாவது எனக்குச் சொன்னியா?"

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அம்மாவின் தியாகம், உழைப்பு, நன்றி என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய பதில். இரண்டாவது கேள்விதான் பல வருடங்களாக என்னைத் தொந்தரவு செய்கிறது.

எங்கள் பகுதியில் பீடி சுற்றாத தெரு குறைவு. தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோன வீடுகளிலும், ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்ட வீடுகளிலும், இந்து வீடு முஸ்லிம் வீடு என்ற பேதமில்லாமல், பெண்கள் இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு பீடி சுத்துமா?" என்று கேட்பது இங்கே வழக்கமான கேள்வி. பொண்ணு வாசிக்குமா என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் பீடிக்கும் வாசிப்புக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில், பீடிக் கம்பெனிகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் சுற்றாமல் செய்தித்தாளையோ நாவலையோ உரக்க வாசிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். தொழிற்சங்கங்களும் பொதுவுடைமை இயக்கமும் அங்கே வேர்பிடித்ததில் இந்த வாசிப்புக்கும் பங்கு உண்டு. முதலாளிகள் கம்பெனிகளை மூடிவிட்டுப் போன பிறகு, 1969இல் அதே தொழிலாளர்கள் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதற்கும் நூறாண்டு முன்னால், 1865இல், கியூபாவின் ஹவானாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். வாசிப்பவருக்கான கூலியைத் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது. சுருட்டுச் சுற்றுகிறவர்கள் கதை கேட்டால் என்ன ஆகும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. வாசிப்பவரின் பங்கை மற்றவர்கள் சுற்றுவது என்பது எங்கள் திண்ணையிலும் நடந்ததுதானே? நான் மடிக்க வேண்டிய பீடியை அம்மா மடித்தாள். கண்ணூரில் அப்படிச் சுற்றியவர்களுக்குக் கதை கிடைத்தது. அம்மாவுக்கு என்ன கிடைத்தது?

பீடி சுற்றப் பழகிய கைக்குக் கண் அதிகம் வேண்டாம், காதுக்கோ வேலையே இல்லை. அந்தக் காதை முதலில் இலங்கை வானொலி எடுத்துக்கொண்டது, பிறகு தொலைக்காட்சித் தொடர்கள். சீரியல் பார்க்கிற பெண்களை ஏளனம் செய்யாத வாசகரை நான் பார்த்ததில்லை, நானும் செய்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் நூறு பேர் சுற்றினால் ஒருவரை வாசிக்க வைக்கலாம். வீடு வீடாகப் பிரித்து உட்காரவைத்தால் சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் எண்ணிக்கையைத் தேற்றுவதே பெரும்பாடு. பெண்களுக்கு வசதியாக இருக்கிறதே என்று சொல்லித்தான் வேலையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வசதியில் அவர்கள் இழந்தவற்றின் பட்டியலில், ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்பதையும் சேர்க்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில், எங்கள் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் என்று பெயர் இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் வந்தது. எங்கள் தெருவுக்கு வந்த தொண்டர் பள்ளி இறுதி முடித்த ஒரு பெண். "கை ஓயலியே, எங்க எழுத?" என்றார்கள் பெண்கள். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, எழுத்து கற்பிப்பதை ஓரமாக வைத்து, பெரிய எழுத்தில் அச்சிட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டத் தொடங்கினாள். முதல் வாரம் நான்கு பேர்; பிறகு திண்ணை கொள்ளவில்லை. சில மாதங்களில் அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனாள். அதோடு நின்றது. அப்போது நான் கல்லூரி விடுதியில் கனமான நாவல்கள் வாசித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மா இதை ஒரு வாக்கியத்தில் சொன்னாள், நான் "ம்" என்றேன். அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. அவளுக்குக் கதை வேண்டியிருக்கும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

இங்கே தோழிகள் சண்டைக்கு வருவார்கள். "உன் அண்ணனும்தான் அதே நூலகத்தில் வாசித்தான். அவனிடம் யாராவது கணக்குக் கேட்டார்களா? மகள் வாசித்தால் மட்டும் கடனா?" நியாயம்தான். அண்ணனின் பங்கையும் அம்மாதான் மடித்தாள். அதற்காக அவள் பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அவன் படிக்கிற பையன். பெண்ணின் வாசிப்பைக் கடனாக எழுதிவைத்தால் நாளைக்கு அதையே காரணம் காட்டி அவளை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடன் என்ற சொல்லை நான் விட்டுவிடுகிறேன். பங்கு என்ற சொல்லை விட மனமில்லை. கண்ணூரில் வாசித்தவர் யாருக்கும் கடன்பட்டவராக இருக்கவில்லை. வாசிப்பதுதான் அவர் வேலை, கேட்பது மற்றவர்களின் உரிமை. என் வாசிப்பில் அம்மாவுக்கு உரிமை இருந்தது. அதை நானும் அண்ணனும் எடுத்துக்கொண்டோம். நூலகம் மட்டும் யாருடையது? சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்த மாநிலம் இது. வீட்டுவரி 100 ரூபாய் என்றால் நூலக வரி 10 ரூபாய். எங்கள் வீட்டுவரியில் அம்மாவின் பீடிக் கூலியும் இருந்தது.

ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூர் போய் தஞ்சோங் பகாரில் குடியேறின. ஆண்கள் மட்டும் போகவில்லை, பெண்களும் போனார்கள். அவர்கள் அங்கே மசாலா அரைத்து விற்றார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயர் அதற்கு. 1960இல் உயர்நிலைப் பள்ளியாகி, 1982இல் மூடப்படும்வரை எத்தனையோ பேருக்குத் தமிழ் கொடுத்தது. பிழைக்கப் போன இடத்தில் ஒரு புலவர் பெயரில் பள்ளி கட்டிய ஊர் என்பது எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தக் கதையை நாங்கள் சொல்லும்போது, மசாலா அரைத்த கைகள் பள்ளி தொடங்குவதற்கு முந்தைய வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, சுற்றுவதில்லை. மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் போய் வாசித்துக் காட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தட்டோடு வந்து உட்காருவார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பெரிய எழுத்தாளர் ஒருவரின் கதையை, "இவரு என்னளா, சொல்லவந்தத சொல்லாம மழையவே பாத்துக்கிட்டிருக்காரு" என்று அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். செய்தித்தாளில் கொலைச் செய்தி என்றால் முழுசாக வேண்டும்.

போன ஆண்டு சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை எடுத்துப்போனேன். பெரிய புத்தகம், ஏழெட்டு மாதம் ஆனது. தட்டில் கை ஓடிக்கொண்டிருக்கும். சில பக்கங்களில் நின்றுவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "இத எழுதினவளுக்கு வீட்ல ஒண்ணும் சொல்லலியா டீச்சர்?" நான் சொன்னேன்: 13 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டது, கல்யாணமான பிறகு கழிப்பறையில் ஒளிந்து எழுதியது, அந்தக் கவிதைகளை அவருடைய அம்மாதான் யாருக்கும் தெரியாமல் வெளியே கொண்டுபோய் அனுப்பியது.

"அவ அம்மைக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் அம்மா.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"தெரியாட்டி, யாராவது வாசிச்சுக் காட்டிருப்பாங்களா?"

பக்கத்து வீட்டம்மா தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரி, மேல வாசிளா" என்றாள் அம்மா. "அந்தப் பிள்ள அப்பறம் என்ன செஞ்சா?"