மணலுக்குள் உறங்கும் நஞ்சு

நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வறண்ட மணல் நிலங்களில் ஒருவகைச் சிலந்தி வாழ்கிறது. பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள், இதற்கு ஆறு. ஆகவே 'ஆறுகண் மணற்சிலந்தி' என்கிறார்கள். இரைக்காக இது வலை பின்னுவதில்லை. தட்டையான உடலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, பூச்சி அருகில் வரும்வரை அசையாமல் கிடக்கிறது. மேலே வந்தாலும், அதன் நுண்மயிர்களில் மணல் ஒட்டியிருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. உணவின்றி நெடுநாள் தாங்கும்.

திசுக்களைச் சிதைக்கும் கொடிய நொதி ஒன்று இதன் நஞ்சில் உண்டு. ஆய்வுக்கூடச் சோதனைகள் அதன் கடுமையைக் காட்டியுள்ளன. ஆயினும் இது கடித்து இறந்தார் என்று உறுதியாக அறியப்பட்ட மனிதர் எவருமில்லை.

2017 வரை அறிவியலாளர் பலர் இதைத் தென் அமெரிக்கச் சிலந்திகளுடன் சேர்த்து 'சிக்காரியஸ்' என்ற பேரினத்தில் வைத்திருந்தனர். லத்தீனில் அச்சொல்லுக்குக் கொலைஞன் என்று பொருள். இப்போது 'ஹெக்சோப்தால்மா', அதாவது ஆறு கண்ணுடையது. (இரக்கத்தால் வந்த மாற்றமன்று, வகைப்பாட்டு ஆய்வின் விளைவு.)

கொலைஞன் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்றால், சாது என்ற பெயர் மட்டும் பொருந்துமா? சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனையே சினம் காத்தவனாக வள்ளுவர் ஏற்கிறார். சிலந்தியிடம் பலிக்கும் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அது எதையும் காக்கவில்லை. மனிதக் காலடி அரிதான இடத்தில் அது கிடக்கிறது, அவ்வளவே. கடிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்து, அதை அது வென்றதாகச் சொல்ல இடமில்லை. பழியும் புகழும் நாம் அதன்மேல் ஏற்றியவை.

நம் நிலை என்ன? தனியறையில் அமர்ந்து நூல்களோடு பதினைந்து ஆண்டுகள் கழித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். தமக்குச் சினமே வருவதில்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். ஒருநாள் இளைஞன் ஒருவன் அவர் எழுத்தில் ஒரு பிழையைச் சுட்டுகிறான். சுட்டியது சரியே. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல், அவன் முகத்தை வாடச் செய்துவிடுகிறது. அச்சொல் அன்றுதான் பிறந்ததா? அல்லது, யாரும் மிதிக்காத மணலில் அத்தனை ஆண்டுகளும் கிடந்ததா?

ஒரு வேறுபாடு உண்டு. சொல் நாவுக்கு வந்த கணத்தை அவர் அறிந்தார். சிலந்திக்கு அப்படி ஒரு கணம் இருப்பதாகத் தெரியவில்லை. அறிந்தும் விட்டுவிட்டோமே என்பதுதான் அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை. விடிந்ததும் அந்த இளைஞனைத் தேடிப் போகிறார்.